இரு கடல்களுக்கு நடுவே ஒரு பகல்

பாரூர்ப் பெரிய ஏரியின் கரையில் நடந்து வளர்ந்த பெண்களுக்கு நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மதகு எங்கே இருக்கிறது, ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் கோடி போகும், நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் எவ்வழியே வந்து சேர்கிறது என்பதெல்லாம் நம் மாணவியருக்குப் பழகிய விஷயங்கள். ஆனால் கரை கட்டி நிறுத்த முடியாத நீரை, மதகு வைத்து அளந்துவிட முடியாத நீரை, அவர்களில் பலர் இன்னும் நேரில் கண்டதில்லை. "மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீபகற்பம்" என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்த நீரின் ஓரமாக ஒரு பகல் முழுவதும் நடந்தால் என்னென்ன கற்கலாம் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் பின் அது வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்தபோது நம் பக்கத்து ஊரான ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் இது பாதிக்கு மேல். சாலையோரம் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கடல் நம் வீட்டு வாசலுக்கு வந்துபோன நாள் அது. நாமும் கடலுக்கு ஒன்றை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூரின் தொழிற்சாலைகளைக் கடந்து, கெலவரப்பள்ளியில் நுரை பொங்க நின்று, கிருஷ்ணகிரி அணையையும் நெடுங்கல்லையும் தாண்டிச் செல்லும் தென்பெண்ணை, கடைசியில் கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

அப்படியானால் கடலூருக்கே போகலாமே என்று கேட்கலாம். போகலாம், அது நமக்கு அருகில் உள்ள கடற்கரை. ஆனால் கடலைப் பாடமாகப் படிக்க வேண்டுமானால், கடைகளும் கூட்டமும் இல்லாத, நிலமும் நீரும் மட்டுமே பேசுகின்ற ஒரு கரை வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குத் தனுஷ்கோடியைப் போல் வேறோர் இடம் எனக்குத் தெரியவில்லை. பாரூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆகவே முதல் நாளே இராமேஸ்வரம் சென்று தங்கி, மறுநாள் பகல் முழுவதையும் அக்கரைக்கென ஒதுக்க வேண்டும்.

எத்தனை பேர் செல்வது? பள்ளிச் சுற்றுலா என்றதும் இரண்டு பேருந்து நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு, பாட்டும் கைத்தட்டலுமாகப் போய், இறங்கிய இடத்தில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. தனுஷ்கோடிக்கு அது பயன்படாது. அங்கே காற்று ஓயாமல் வீசும். நாற்பது பேர் நின்றால் வழிகாட்டி பேசுவது முன்வரிசையிலுள்ள பத்துப் பேருக்கு மட்டும் கேட்கும். மற்றவர்கள் சிப்பி பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். பன்னிரண்டு மாணவியர், இரண்டு ஆசிரியைகள், அக்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வழிகாட்டி: இதுவே சரியான அளவு. ஓர் ஆசிரியை முன்னே, ஒருவர் பின்னே. தலையை எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். மற்ற பெண்கள் அடுத்த முறை செல்லட்டும்.

வழிகாட்டி என்பவர் யார்? இராமேஸ்வரத்தில் கோயில் வரலாறு சொல்பவர்கள் பலர் உண்டு. நமக்கு வேண்டியவர் அவர் அல்லர். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த மீனவக் குடும்பத்தவர். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதன் பிறகு மணலிலும் ஆழமில்லாத நீரிலும் வழி கண்டுபிடித்து வண்டி ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர்களோடுதான் எவரும் செல்ல முடிந்தது. அன்று வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. இன்று சொந்த வண்டியில் நேரே முனைவரை போய்விடலாம். பாதை எளிதாயிற்று, ஆனால் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லும் வாய் இல்லாமல் போயிற்று. இதை நான் முன்னேற்றம் என்று முழு மனத்துடன் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு மணல் காலைச் சுடும். மாலையில் இருட்டும் முன் திரும்பிவிடவும் வேண்டும். இராமேஸ்வரத்திலிருந்து முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். இடப்புறம் பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், வலப்புறம் மன்னார் வளைகுடா. ஓரிடத்தில் நின்று தலையைத் திருப்பினால் இரண்டும் தெரியும். இந்த நிலம் பாறையன்று. அலைகளும் நீரோட்டங்களும் இரு பக்கமிருந்தும் கொண்டுவந்து குவித்த மணல். ஆதலால் முனையின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நம் புத்தகத்துத் தேசப்படத்தில் ஒரு கோடாகத் தெரிவது, நேரில் இன்னும் எழுதி முடிக்காத கோடாக இருக்கிறது.

வடபுறக் கடலைப் பெண் கடல் என்றும் தென்புறக் கடலை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் கூறுவர். பெண் கடல் அமைதியானது, ஆண் கடல் ஆவேசமானது என்பது பொருள். பயணிகள் இதைக் கேட்டு மகிழ்ந்து போய்விடுகிறார்கள். ஆனால் பாதி ஆண்டுக்குத்தான் இது பொருந்தும். தெற்கேயிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் கடல் குளம் போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். அமைதி என்று பெயர் வாங்கிய கடல் சீறும், மற்றது அடங்கும். மேற்குக் காற்றுக்குக் கச்சான் என்றும், கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்றும் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாடப்புத்தகம் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. வழிகாட்டியிடம் இந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று எது வீசுகிறது என்பதையும் கேளுங்கள்.

முனையில் குளிக்கக் கூடாது. இது வெறும் பள்ளிக்கூடக் கண்டிப்பு அன்று. இரு பக்கத்து நீரும் சந்திக்கும் அந்த இடத்தில் நீரோட்டம் வலுவானது. கரையை ஒட்டியே மணல் சட்டென்று சரிந்து இறங்கும். முழங்கால் அளவு நீரில் நிற்பவளின் காலடி மணலைத் திரும்பும் அலை அரித்து எடுத்துவிடும். அடுத்த அலை அவளைத் தள்ளிவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். ஏரியில் நீந்தக் கற்ற பெண்களே இதை அதிகம் கவனிக்க வேண்டும், ஏனெனில் ஏரி நீர் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே நீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் இக்கடலை நீந்திக் கடந்தவர்களே இல்லையா? உண்டு. 1966இல் மிஹிர் சென், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். 2004இல் பூலா சௌத்ரி என்னும் வங்காளப் பெண்மணி அதே கடலைக் கடந்தார். 2022 மார்ச் 20 அன்று மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்னும் 13 வயதுச் சிறுமி, தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரையிலான 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடங்களில் நீந்தி முடித்தாள். நம் எட்டாம் வகுப்புப் பெண்ணின் வயது! ஆட்டிசம் என்னும் குறைபாட்டோடு பிறந்த குழந்தை அவள். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எவளும் முனையில் குதிக்க ஆசைப்பட வேண்டாம். அவர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது; உடன் காவல் படகுகள் வந்தன; நீரோட்டம் எந்த வேளையில் எப்பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது.

இனி, அக்கரையின் பெரிய பாடத்துக்கு வருவோம்.

முனைக்குச் செல்லும் வழியில், பழைய தனுஷ்கோடி நகரின் இடிபாடுகள் நிற்கின்றன. இரயில் நிலையத்தின் சில சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, கூரையில்லாத தேவாலயம். தேவாலயச் சுவரை அருகில் சென்று பாருங்கள். அது செங்கல் அன்று, கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல். சிறு சிறு துளைகளும் பூ வேலை போன்ற வரிகளும் கல்லிலேயே தெரியும். ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளப் பூச்சிகளின் கூடுகள் அவை. ஞாயிறுதோறும் மக்கள் முழந்தாளிட்ட இடத்தில் இப்போது மணல் கிடக்கிறது.

இந்த ஊர் எதற்காக எழுந்தது? 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மறுபடியும் இரயிலில் கொழும்பு போகலாம். 'போட் மெயில்' என்று அந்த வண்டிக்குப் பெயர் வந்தது இதனால்தான். சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், சத்திரங்கள் எல்லாம் இருந்தன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்ற நம் மக்களுள் பலர் கடைசியாக மிதித்த தாய்மண் இதுவே.

1964 டிசம்பர் 22 இரவு. இலங்கையின் வட பகுதியைக் கடந்து வந்த கடும் புயல் இத்தீவைத் தாக்கியது. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பயணி வண்டி புறப்பட்டது. ஊருக்கு மிக அருகில் வந்தபோது கைகாட்டி விளக்கு தெரியவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார், ஊதல் கொடுத்துப் பார்த்தார், பின் மெல்ல முன்னேறினார் என்று கூறுவர். எழுந்து வந்த கடல் வண்டியை அப்படியே விழுங்கியது. அதிலிருந்த சுமார் 115 பேரும் மாண்டனர். ஊரில் மாண்டவர்களையும் சேர்த்தால் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிடப்பட்டது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் 46 நாட்களில் சீராக்கினார். பிற்காலத்தில் கொங்கண் இரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்தவர் அவரே. பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை.

இதைக் கதையாகக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு நகரக் கூடாது. ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த வண்டி ஏன் புறப்பட்டது? முன்னால் இருக்கும் ஆபத்தைப் பின்னால் இருப்பவருக்குச் சொல்ல வழியில்லாமல் போனதால்தான். வானொலிச் செய்தியில் "பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று கேட்டிருப்பீர்கள். அது என்ன கூண்டு? துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பு, உருளை போன்ற வடிவங்களைத் தொங்கவிடுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகளை ஏற்றுவார்கள். எண் 1, 2 என்றால் புயல் தொலைவில் உள்ளது. 3, 4 என்றால் இத்துறைமுகத்திலேயே காற்று கடுமையாகலாம். 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பேராபத்து. அதற்கு மேலும் ஓர் எண் இருக்கிறது. 11ஆம் எண்ணுக்கு, வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பேராபத்து என்று சொல்வதைவிட, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வதை மேலான எண்ணாக வைத்திருக்கிறார்கள். இன்று செயற்கைக்கோள்களும் கைபேசிகளும் இருப்பதால் பல நாட்களுக்கு முன்பே புயலை அறிகிறோம். சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது ஆசிரியையின் முதல் வேலை. கூண்டு ஏறியிருந்தால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிவிட வேண்டும். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

மதிய உணவுக்குப் பின் வழிகாட்டியிடம் ஊற்றைக் காட்டச் சொல்லுங்கள். மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்தில் மீனவக் குடும்பங்கள் கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்தே வருகின்றன. அவர்கள் குடிப்பது என்ன? மணலில் நான்கு அடி தோண்டுகிறார்கள். நல்ல தண்ணீர் ஊறுகிறது! இருபுறமும் உப்புக்கடல், நடுவே குடிநீர். இதில் அற்புதம் இல்லை, பௌதிகம் இருக்கிறது. பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 1,000 கிராம் எடை என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிராம். எனவே லேசான நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. ஆசை மிகுந்து மேலே உள்ளதை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும். அதனால்தான் அங்குள்ள பெண்கள் இறைப்பதில்லை. சிரட்டையாலோ சிறு கிண்ணத்தாலோ மொண்டு, குடத்தில் ஊற்றி, ஊறும்வரை காத்திருந்து மறுபடி மொள்ளுகிறார்கள். நம் மாவட்டத்தில் பாறையைத் துளைத்துப் பல நூறு அடி ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும், கோடையில் காற்று மட்டும் வரும் வீடுகளை நாம் அறிவோம். ஊற்றின் ஓரத்தில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது, நிலத்தடி நீர் பற்றிய பத்துப் பக்கப் பாடத்துக்குச் சமம்.

அக்கரைப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம்பன் அருகே சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் கிழிசல் துணிச் சுற்று, இடுப்பில் ஒரு பை. மூச்சை அடக்கிக்கொண்டு பாறை இடுக்குகளில் வளரும் பாசியைக் கிள்ளி வருகிறார்கள். பெருநாட்களில் பாலில் காய்ச்சி வில்லை வில்லையாக வெட்டித் தரும் 'கடல்பாசி'யின் மூலப்பொருள் இதுதான். இப்பாசி வளரும் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. காலங்காலமாகச் சென்ற இடத்துக்குள் நுழையத் தடை என்றால் வயிற்றுக்கு வழி என்ன? அப்பெண்கள் ஒன்றுகூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, பாசி மறுபடி வளர இடைவெளி விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி, தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் 'சீகாலஜி' என்னும் பன்னாட்டுப் பரிசை 2015இல் பெற்றார். கடலின் மேல் யாருக்கு உரிமை, அதை யார் காப்பது என்ற வழக்கு அங்கே இன்னும் முடியவில்லை. நம் பெண்கள் அவர்களைச் சந்திக்க நேர்ந்தால், வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்காமல், "அக்கா, நீங்கள் எத்தனை வயதில் மூழ்கக் கற்றீர்கள்?" என்று கேட்கலாம்.

பறவைகளும் ஆமைகளும் பருவத்தைப் பொறுத்தவை. குளிர்காலத்தில் சென்றால் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதைக் காணலாம். 2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடிப் பகுதி அவற்றுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இவற்றை எட்ட நின்று பார்ப்பதே மரியாதை.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது தலைக்குத் துண்டு, கட்டிய செருப்பு, மாற்று உடை, குறிப்பேடு, பென்சில். வழியில் கழிப்பறை வசதி குறைவு. ஆகையால் இராமேஸ்வரத்திலேயே ஆயத்தமாகிக் கிளம்புவது நல்லது. கரையில் ஒதுங்கிய சொறி மீனைத் தொடக் கூடாது. செத்துக் கிடந்தாலும் அது தோலை எரிக்கும். பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. தின்பண்டத் தாள்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்குப் பை போதும். மாலையில் திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்தின் மீதிருந்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தைக் காணலாம். கப்பலுக்கு வழிவிட, 1914இன் பழைய பாலம் கைகளைப் போல் இரண்டாகப் பிரிந்து உயர்ந்தது. புதியதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். எதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று குறிப்பேட்டில் படம் வரைந்து பாருங்கள்.

போகும் முன் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். வேறொரு டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு நீல மையை விடுங்கள். உப்புநீரின் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் நீல நீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நீலம் மேலேயே தங்கி நிற்கும்; அதுதான் தனுஷ்கோடி ஊற்று. இப்போது ஓர் உறிஞ்சு குழலை நீலத்தில் மட்டும் படும்படி வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் உறிஞ்சுங்கள். எப்போது உப்பு வாய்க்கு வருகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.